மீதமிருந்த ஐந்து வீடுகள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து மேல் வீட்டில் சுத்தியல் விழுந்தது. கூரையிலிருந்து காரை பெயர்ந்து நேராக மகளின் தட்டில். அவள் கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். நான் கூரையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். மேலே எவனுக்குக் கேட்கும்?

இப்படித்தான் செய்கிறார்கள். மொத்தக் கட்டடத்தையும் இடிக்க எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் விற்றுவிட்டுப் போனவன் வீட்டை உள்ளே இடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வீடு காலியானதும் பில்டர் ஆள் அனுப்பி சுவர், கழிப்பறை, குழாய் எல்லாவற்றையும் நொறுக்கிவிடுகிறான். பக்கத்தில் குடியிருப்பவன் தலை வெடித்துத் தானாக ஓடி வந்து கையெழுத்துப் போடுவான் என்று கணக்கு.

நாங்கள் போட மாட்டோம். மீதி ஐந்து வீடு. நாங்கள், எதிர் வீட்டில் பஸ் டிரைவர் அண்ணன், கீழே பேக்கரிக்காரர், டீச்சர், கரண்டு வேலை பார்ப்பவர். பத்திரம் என் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டுக் கடனில் பாதி, தெருமுனை கிளினிக்கில் ஊர்க்காரர் புண்ணுக்கெல்லாம் நான் கட்டுப் போட்டுச் சம்பாதித்து அடைத்தது. எவனோ சிரித்துக்கொண்டே வந்து கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவேனா?

மார்ச் 5, வியாழன்

இன்றும் சுத்தியல். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

மொட்டை மாடியில் ஐந்து வீட்டாரும் கூடினோம். போட்டால் ஐவரும் சேர்ந்து போடுவது, இல்லையென்றால் ஒருவரும் போடுவதில்லை என்று முடிவு. டீச்சர் எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னார், வகுப்பில் போல. பேக்கரிக்காரர் சொன்னார்: "எவனாச்சும் தனியாப் போய்ப் போட்டான்னு தெரிஞ்சுது, காலை ஒடிச்சிருவேன். என் கூடப் பொறந்தவனா இருந்தாலும் சரி."

அதிகம் பேசியது என் வீட்டுக்காரர்தான். நாற்காலி, கட்டில் விற்கும் கடையில் வேலை. வாய் இருக்கிறது. "இது செங்கல்லு இல்ல, நம்ம மானம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டிரைவர் அண்ணன் கையைத் தூக்கினார். ஆனால் வாயைத் திறக்கவே இல்லை. என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்வையோ.

மார்ச் 14, சனி

இன்று எனக்குப் பைத்தியம் பிடித்தது.

மேல் வீட்டுக் கழிவுக் குழாயை உடைத்துவிட்டார்கள். எங்கள் குளியலறைச் சுவர் வழியாக அந்தத் தண்ணீர் வழிந்து கூடம் வரைக்கும். நாற்றம். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். மூன்று பேர் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முதுகில் போட்டேன். அவன் திரும்பி சுத்தியலை ஓங்கினான். "போடுடா, போடு பார்க்கலாம்" என்று தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன். போட்டிருந்தால்கூடச் சந்தோஷமாக வாங்கியிருப்பேன் போல இருந்தது.

அப்போதுதான் பில்டரின் ஆள் வந்தான். எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டு வருவதால் அவனுக்குச் 'சிரிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறோம். "அக்கா, எதுக்கு ஒடம்பக் கெடுத்துக்கறீங்க? உங்க அஞ்சு பேர்ல ஒருத்தர் எங்களுக்கு எப்பவோ கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. நீங்க யாருக்காகச் சண்ட போடறீங்க?"

பொய் சொல்கிறான். பிரித்துவிடப் பார்க்கிறான். அப்படித்தானே?

மார்ச் 16, திங்கள்

யாரும் யாரோடும் பேசுவதில்லை. டீச்சர் என்னைப் பார்த்ததும் படியில் ஒதுங்கினார். பேக்கரிக்காரரின் ரொட்டித் தட்டுகளை யாரோ உதைத்துக் கவிழ்த்திருக்கிறார்கள். அவர் நடு வாசலில் நின்று ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு வசவு வைத்தார். என் பங்கை நானும் வாங்கிக்கொண்டேன்.

யாராக இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. "டிரைவர்தான். அந்த பில்டர் ஆளோட டீக்கடைல குசுகுசுன்னு பேசிட்டிருந்தத என் கண்ணால பார்த்தேன்."

அதுதான் அன்று மாடியில் வாயைத் திறக்கவில்லையா? இத்தனை வருஷம் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டேனே. அவர் மருமகள் பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடியது நான்.

மார்ச் 21, சனி

எழுதத்தான் வேண்டும்.

மதியம் வாசலில் வேன் நின்றது. டிரைவர் அண்ணன் வீட்டிலிருந்து கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. பேக்கரிக்காரர்தான் முதலில் பார்த்தார். "போறான்யா! காச வாங்கிட்டுக் கம்பி நீட்டறான்யா!" அவ்வளவுதான். யார் எப்படி இறங்கினோம் என்று தெரியவில்லை. படிக்கட்டிலேயே மடக்கினோம். பேக்கரிக்காரர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். கரண்டுகாரர் வயிற்றில் உதைத்தார். என் வீட்டுக்காரர் பின்னால் போய் அண்ணனின் இரண்டு கையையும் பிடித்து முறுக்கிக்கொண்டார்.

நான் அடித்தேன். சாவிக்கொத்து கையில் இருந்தது. கையில் இருந்தது என்று எழுதுவது என்ன பித்தலாட்டம்? சாவி விரலிடுக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்துக்கொண்டுதான் அடித்தேன். புருவம் கிழிந்தது. இரத்தம் என் சட்டையில் தெறித்தது. நான் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தேன்.

மேல் படியில் அவர் மனைவி கத்திக்கொண்டே இருந்தார். "பையன் வீட்டுக்குய்யா! பையன் வீட்டுக்குப் போகுதுய்யா!" யார் காதிலும் ஏறவில்லை.

சாயந்திரம் எனக்கு வேலை. போனேன். டிரைவர் அண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேறு கிளினிக் இல்லை, எங்கே போவார்? டாக்டர் தையல் போட்டார். தலையை அசையாமல் பிடிக்க வேண்டியது நான். பிடித்தேன். "எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். "படியில வழுக்கிருச்சு டாக்டர்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது. சுத்தியல் சத்தத்தில் பேரக்குழந்தை தூக்கிவாரிப் போட்டு விழித்து அழுகிறதாம். பாலே குடிப்பதில்லையாம். அதனால் மகனும் மருமகளும் வேறு இடத்தில் ஓர் அறை எடுத்துப் போகிறார்கள். சாமான் அவர்களுடையது. அண்ணனும் அண்ணியும் இங்கேதான் இருக்கிறார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

மகள் கேட்டாள்: "அம்மா, அவர அடிக்கும்போது நீ சிரிச்சிட்டே அடிச்ச. தெரியுமா?"

இல்லை என்றேன்.

மார்ச் 23, திங்கள்

வீட்டுக்காரரிடம், அண்ணன் மேல் தப்பில்லை போலிருக்கிறது, போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றேன். "மகனுக்குன்னு சொன்னா நம்பிருவியா? அவன் நடிக்கறான்" என்றார். நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார்.

மார்ச் 27, வெள்ளி

மதியம் வீட்டுக்கு வந்தால் கதவுக்கு முன்னால் ஓர் ஆள். கையில் அளவு நாடா, சாக்பீஸ். எங்கள் வாசல் கதவைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துப் பார்க்கிறான். யார் நீ என்றேன்.

"பழைய கதவு ஜன்னல் எடுக்கறவன்மா. மாசக் கடைசில கழட்டணும்ல, ஒருவாட்டி அளவு சரி பார்த்துக்கலாம்னு வந்தேன்."

தப்பான வீடு, இங்கே யாரும் போகவில்லை என்றேன். அவன் சிரித்தான். "கையெழுத்து ஆகாத வீட்டுக் கதவ நான் தொடுவேனாம்மா? கேஸாயிரும். பில்டர் ஆபீஸ்ல கேட்டுட்டுதான் வருவேன். இந்தக் கட்டடத்துல நான் வெல பேசுன மொத வீடே உங்க வீடுதான். சார் அட்வான்ஸ்கூட வாங்கிட்டாரே. நல்ல தேக்கும்மா, விடுவேனா?"

அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். நாடாவைச் சுருட்டினான். "சார் இருக்கும்போதுதான் வரணும்னு சொல்லியிருந்தாரு. நான் மறந்து தொலச்சிட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டான்.

எப்போது என்று மட்டும் பின்னாலேயே ஓடிக் கேட்டேன். ஜனவரியிலாம். மொட்டை மாடியில் மானம் என்று பேசுவதற்கு ரொம்ப முன்னால்.

ராத்திரி என் புருஷன் வந்தான். இனி அவர் கிவர் எல்லாம் எழுத முடியாது. அவன்.

"மொதல்ல போட்டவனுக்குப் புதுக் கட்டடத்துல தெருவப் பார்த்த வீடு தர்றாங்க. உனக்கும் புள்ளைக்கும்தான். மத்தவங்க போடற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க, அவ்ளோதான்."

"டிரைவர் அண்ணன்?"

"நான் அந்தச் 'சிரிப்பு' ஆளோட ஆபீஸ்லேர்ந்து வெளிய வர்றத அவன் பார்த்துட்டான். எந்த நேரமும் சொல்லிருவான். அதான் முந்திக்கிட்டேன்."

அதான். இவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். பொறுக்கிப் பயலே, நீ பின்னாடி நின்னு கையப் புடிச்சிக்கிட்ட, நான்தானே அடிச்சேன்! நான்தானே! சட்டையைப் பிடித்தேன். அறைந்தான். காது கொய்யென்றது. மறுபடி ஓங்கிய கையைப் பிடித்துக் கடித்தேன். பல் உள்ளே இறங்கும் வரை கடித்தேன். அவன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மகள் நடுவில் வந்து விழுந்து, அவளுக்கும் ஓர் அடி பட்டு, அப்புறம்தான் நின்றது. வாயெல்லாம் அவன் இரத்தம்.

அவன் கைக்கு நான் கட்டுப் போடவில்லை.

மார்ச் 28, சனி

டிரைவர் அண்ணன் தையல் பிரிக்க வந்தார். தையல் பிரிப்பது என் வேலை, டாக்டர் வர மாட்டார். என் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "தெரிஞ்சும் ஏன்ணா சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியாமா?"

நம்பியிருக்க மாட்டேன். அவருக்கு இன்னும் நாலு அடி சேர்த்து விழுந்திருக்கும். அதைச் சொல்லாமல் நூலை இழுத்தேன். அண்ணியிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"வேணாம். என்கிட்ட வேணா கேளு. அவ என்ன மாதிரி இல்ல."

மார்ச் 29, ஞாயிறு

எல்லோரையும் படிக்கட்டுக்குக் கூப்பிட்டேன். அண்ணன் வீட்டில் மட்டும் யாரும் வரவில்லை. ஜனவரியிலேயே போட்டவன் என் புருஷன்தான், அந்த மனுஷனை வீணாக அடித்தோம் என்று சொன்னேன். பேக்கரிக்காரர் மாடிக்குப் பாய்வார், காலை ஒடிப்பார், ஒடிக்கட்டும் என்றுதான் இருந்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நானும் புதன்கிழமை போட்டுட்டேன்மா."

டீச்சர் வியாழக்கிழமையாம். கரண்டுகாரர் தானும்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணனை அடித்த அன்றே எல்லோருக்கும் நம்பிக்கை விட்டுப் போயிருக்கிறது. போடாத வீடு இந்தக் கட்டடத்தில் ஒன்றுதான். அதை நாங்கள்தான் படியில் போட்டு மிதித்தோம்.

அதற்கு மேலும் எனக்கு அடங்கவில்லை. அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். அடித்துச் சாத்தினார். விரல் நசுங்காமல் இழுத்துக்கொண்டேன். நசுங்கியிருக்கலாம்.

ஏப்ரல் 2, வியாழன்

நானும் மகளும் டாக்டரம்மா வீட்டுப் பின்னறையில். ஒரு மாசம் இருந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். அவன் போன் செய்துகொண்டே இருக்கிறான். எடுப்பதில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

வாடகை வீடு தேடிச் செருப்புத் தேய்கிறது. இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு கட்டடம் இடிக்கிறார்கள். வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு தேடுகிறோம், வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆளைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். "சார் வரலையா?" என்றுதான் புரோக்கர் முதலில் கேட்கிறான். வரமாட்டார் என்றால் வீடு நேற்றே போய்விட்டது என்கிறான். இன்று ஒருத்தனிடம், "அப்ப எதுக்குடா என்ன நாலு மாடி ஏத்துன?" என்று கத்திவிட்டேன். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 18, சனி

ஒரு வீடு பிடித்திருந்தது. சிறியதுதான். கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார். கறாரான ஆள். முன்பணம், வேலை, சம்பளம் எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. "முன்ன இருந்த எடத்துல பக்கத்து வீட்டுக்காரங்க நம்பர் குடும்மா. அவங்ககிட்டத்தான் நான் கேப்பேன். அவங்களுக்குத்தான் உண்மை தெரியும்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர். பேக்கரிக்காரர் எண்ணைக் கொடுத்திருக்கலாம். டீச்சர் தேன் மாதிரிப் பேசுவார். என்ன நினைத்தேனோ, எதிர் வீடு என்று சொல்லி டிரைவர் அண்ணன் வீட்டு எண்ணைக் கொடுத்தேன். உண்மைதானே வேண்டும் அவருக்கு.

வெளியே வந்ததும் மகள், "உனக்கு என்ன பைத்தியமா?" என்றாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பழைய தெரு வழியாகப் போனேன். கட்டடத்தில் அண்ணன் வீட்டைத் தவிர ஒரு கதவும் இல்லை, ஒரு ஜன்னலும் இல்லை. எங்கள் கூடத்தின் பச்சைச் சுவர் தெருவிலிருந்தே தெரிகிறது, பாதி இடிந்து. அவர்கள் வீட்டுக் கம்பியில் மட்டும் துணி காய்கிறது. சுத்தியல் சத்தம் நிற்கவே இல்லை. அதற்குள் எப்படிச் சமைத்து, எப்படித் தூங்குகிறார்கள்?

ஏப்ரல் 26, ஞாயிறு

வீட்டுக்கார அம்மா வரச் சொல்லியிருந்தார். வீடு இல்லை என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

"நீ குடுத்த நம்பர்ல பேசினேன். அந்த அம்மாதான் எடுத்தாங்க. அவரு டூட்டிக்குப் போயிருக்காராம்."

அண்ணி எடுத்திருக்கிறார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லார்கிட்டயும் கேக்கறதத்தான் கேட்டேன். சண்ட சச்சரவு உண்டா, கை நீட்டற ஆளான்னு. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு நெனச்சேன். பின்னாடி ஒரே இடி சத்தம் வேற. அப்புறம் சொன்னாங்க, இத்தன வருஷத்துல எங்க வீட்டோட ஒரு நாளும் சண்ட போட்டதில்ல, தாராளமா வீடு குடுங்கன்னு. சொல்லிட்டு டக்குன்னு வெச்சிட்டாங்க."

சாவியை மேசையில் வைத்தார். வீட்டை இன்னொரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்டதற்கு, வீடு கிடைத்த சந்தோஷத்தில்தான் என்று மகள் பதில் சொன்னாள்.