யார் ஜெயிக்கிறாங்க?

குட்டியின் அப்பாவுக்கு,

பன்னிரண்டு நாளாக ஒரு வார்த்தை இல்லை. இன்று மதியம், "குளிர்கால ஒலிம்பிக் ஆரம்பிச்சாச்சு, கர்லிங் பாக்குறியா?" என்று செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். போட்டியைத்தான் கேட்டீர்களா, வேறு எதையாவதா? ஒன்றும் விளங்கவில்லை. போனில் பதில் எழுதி எழுதி அழித்து, கடைசியில் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

பார்க்கவே கூடாது என்றுதான் இருந்தேன். எனக்குப் பிடித்தது பனிச்சரிவில் வழுக்கிவந்து அந்தரத்தில் பாயும் போட்டி. அதையும் பாய்ந்தவர் தரையைத் தொடும்வரை கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பேன். கர்லிங் உங்கள் பைத்தியம். பனியில் கல்லை வழுக்கிவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். "வீட்டுத் துடைப்பத்தைத் தொடாத மனுஷனுக்கு இதுல என்ன ரசனை?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்!

குட்டி விடவில்லை. டிவியைப் போட்டேன்.

"யாரும்மா ஜெயிக்கிறாங்க?" என்றாள். பதிலுக்கு, சோபாவில் நீங்கள் உட்காரும் பக்கம் திரும்பினேன். இத்தனை வருடமாக அந்தப் புள்ளிக்கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"அப்பா எப்பம்மா வந்து சொல்லுவாரு?" என்றாள். அதுவும் தெரியவில்லை.

அன்று "போங்க" என்று சண்டையில் கத்தியது நான்தான். நிஜமாகவே போய்விடுவீர்கள் என்று நினைக்கவில்லை.

இறுதிப்போட்டி ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. அதுவரை டிவியைத் தொடமாட்டேன். ரிமோட் சோபாவில் உங்கள் பக்கத்தில்தான் கிடக்கிறது.

குட்டியின் அம்மா
(வேறு என்ன போட்டு முடிப்பது என்று தெரியவில்லை.)