கொற்றிநங்கைக்கு இருக்கை இடுக

மூன்று நதிகளும் நிறைந்தோடுக. முந்நதி நாட்டார் கண்ணொளி குன்றாது வாழ்க. கோடாச் செங்கோலுடைய கோமான் பரிமாவேலர் திருவாய் மொழிந்தருள, ஓலைநாயகம் காடவன் எழுதியது. கலம் பல வந்தணையும் வெண்சங்குத் துறையைக் காத்து நிற்கும் நாடாள்வார் அதிகமாராயர் காண்க. தங்கள் துறையும் குடியும் சுற்றமும் நலம் பெறுக.

தாங்கள் கைப்படக் கயிற்றால் பிணித்து அனுப்பிய கண்ணளவர் கொற்றிநங்கை தலைநகர் வந்து சேர்ந்தார். மக்களின் பார்வையை அளந்து, அதற்கேற்ற பளிங்கு வில்லை தேர்ந்து தருவது அவர் தொழில். தங்கள் கண்ணை அளக்கையில் தங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. மேலோர் முன் தலைகவிழ்தல் நம் நாட்டு மரபாதலின், குற்றம் உண்மைதான்.

பேரவையில் அவர் நின்ற நிலையை எழுதாமல் இருக்க எம்மால் இயலவில்லை. நாடு கடத்தப்படலாம் என்று அறிந்திருந்தும் அவர் குரல் தழுதழுக்கவில்லை. குனிந்த தலையோடு கண்ணை எவ்வாறு அளப்பது என்று வினவினார். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை நின்றபடியே வேலை, ஒதுங்க நிழலில்லை, நிமிர்ந்தால் கசையடி என்றிருக்கையில் கற்றவர் எவர் நிலைப்பார் என்றும், இருக்கையும் மதிப்பும் தரும் அயல்நாட்டுக்குத் தோழர் எல்லாம் கலமேறிவிடத் துறையில் எஞ்சியவர் தாம் ஒருவரே என்றும், தம் வாயிலில் காத்துக்கிடக்கும், கலஞ்செலுத்தும் மீகாமரையும் தையற்பெண்டிரையும் விட்டுப்போக மனம் வரவில்லை என்றும் கூறினார். அத்தோடு விட்டாரா? கோமான் அணிந்திருக்கும் வில்லையும் கண் பாராமல் கொடுத்ததாகத்தான் இருக்கும் என்றார்.

அது உண்மையே என்பது எங்களுக்குத் தெரியும். அரண்மனைக் கண்ணளவர் தரையைப் பார்த்தபடியே தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்பார். அவர் மனம் நோகாதிருக்கக் கோமானும் ஆம் என்பார். ஒருமுறை கோமான் தூணிடம் நலம் உசாவியதை அமைச்சர் அனைவரும் காணாததுபோல் இருந்துவிட்டோம்.

கோமான் சினங்கொள்வார் என்று எண்ணினோம். அவரோ அரியணை விட்டிறங்கி, கொற்றிநங்கைக்கு இருக்கை இடச்செய்து, எதிரே தாமும் அமர்ந்தார். கொற்றிநங்கை கோமானின் கண்களை நேருக்கு நேர் நோக்கி, வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பொறுமையாக அளந்தார். சரியான வில்லை அமைந்ததும் கோமான் முதலில் கண்டது, கொற்றிநங்கையின் மணிக்கட்டில் கயிறு அறுத்திருந்த தடத்தை. அதுவரை அது கோமானுக்குத் தெரியவேயில்லை. கோமான் கண் கலங்கினார். எங்களுக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. அஞ்சாமல் உண்மை சொல்லும் கண்ணளவரும், எதிரே அமர்ந்து அதைக் கேட்கும் அரசரும் வேறெந்த நாட்டுக்கு வாய்த்தனர்?

ஆதலால் கோமான் ஆணை இது. இன்று தொட்டுக் கண்ணளவர் எவர் முன்னும் தலைகவிழார், அமர்ந்தே அளப்பர், களைத்தால் ஓய்வர். அவர்க்குக் கூடமும் உணவும் அமைத்தல் தங்கள் கடன். கலமேறிப் போனவரைத் தாங்களே மதிப்போடு அழைத்து வருக. புதிய கூடத்தில் முதலில் அளக்கப்படுவது தங்கள் கண்களே.

இவ்வாணை நதிகள் உள்ளளவும் நிற்க. முந்நதி இலச்சினை இட்டோம்.

இவ்வோலையைக் கொணர்ந்து தங்கள் எதிரே தலைநிமிர்ந்து நிற்பவர் கொற்றிநங்கையே. படித்து முடித்தீராயின் எழுந்து, அவரைப் பிணித்த அதே கைகளால் அவருக்கு இருக்கை இடுக.