சந்தியில் கோட்டுப் போட்டு நிற்பவன்

என் ஒற்றைக்கண்ணுத் தம்பி நிரோவுக்கு,

நம் தோட்டத்துச் சந்தியில் உன் பெயரோடு வேறு யாரோ ஒருவன் நிற்கிறான். கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரியான இரண்டு கண்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே போட்டு, கீழே உன் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். பதுளையிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்குகிற எல்லோரையும் அவன் பார்க்கிறான். ஒருவரையும் அவனுக்குத் தெரியாது.

அம்மா இப்போது அந்தச் சந்தியில் இறங்குவதில்லை. ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கி, தேயிலைக்குள்ளால் குறுக்குப் பாதை பிடித்து, சறுக்கிச் சறுக்கி வீட்டுக்கு வருகிறாள். மழைக்காலத்தில் அந்தப் பாதை எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

உனக்கு என்ன நடந்தது என்று உனக்கே சரியாகத் தெரியுமா, நிரோ? நீ வேலை பார்த்த கடையின் பின்வளவுக்குள் வெள்ளம் ஏறியபோது முழங்கால் தண்ணீரில் செருப்பில்லாமல் நின்று சீமெந்து மூட்டைகளைத் தூக்கி மேலே வைத்தாய். பிறகு காய்ச்சல் வந்தது. "சும்மா காய்ச்சல்தாங்க்கா, பனடோல் போட்டாச்சு" என்று என்னிடம் போனில் சொன்னாய். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உன் கண்ணும் தோலும் மஞ்சளாகியிருந்தன. எலிக்காய்ச்சல் என்றார்கள். அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது நீ போய்விட்டாய்.

ஆனால் எலிக்காய்ச்சல் என்ற சொல் நம் லயத்து வீட்டு வரிசைக்கு வந்து சேருவதற்குள் வேறொரு கதை முந்திக்கொண்டு வந்துவிட்டது. சாவு வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கடைசிக் காம்பரா வீட்டுச் செல்லம்மா அக்கா சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"இந்த வயசுல காச்சல் வந்தா சாவுறாங்க? அந்த பில்லியட் கடைக்குப் போறவனுங்க என்னென்னமோ தூளெல்லாம் இழுக்குறானுங்களாமே. யாரு கண்டா."

அப்பா கையிலிருந்த பிளேன்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரிஸ்வான் வந்தான். கடையில் உன்னோடு வேலை பார்த்தவன், வேலை முடிந்ததும் மேல்மாடிப் பில்லியட் மேசையில் உன்னோடு மல்லுக்கு நிற்பவன். கூடவே ஆறேழு பொடியன்கள், சிங்களப் பொடியன்களும் இருந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பதாகை அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். விரித்துப் பிடித்தார்கள். பச்சை மேசையின் மேல் நீ குனிந்திருந்தாய். ஸ்டிக் உன் நாடிக்குக் கீழே நேராக நீண்டிருந்தது. இடது கண்ணை இறுக்கி மூடி, உதட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு வெள்ளைப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வாசலில் நின்ற எல்லோரையும் குறிபார்ப்பதுபோல் இருந்தது.

அப்பா சொன்னார்: "இத எடுத்துட்டுப் போங்க தம்பி. எம் மகனை இந்தக் கோலத்துல நான் சந்தியில நிக்க வைக்க மாட்டேன்."

"சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிஸ்வான் அதைச் சுருட்டினான். கோபித்துக்கொண்டு போகவில்லை. சுருளை வேலியோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்து உன்னைத் தூக்கத் தோள் கொடுத்தான்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் அப்பா என்னிடம் உன் படம் கேட்டார். என் போனில் தேடினேன். எல்லாவற்றிலும் இடது கண் மூடியிருந்தது. யாராவது போனைத் தூக்கினாலே நீ குறிபார்க்கத் தொடங்கிவிடுவாயே. அடையாள அட்டையில் இரண்டு கண்ணும் திறந்திருந்தன, ஆனால் அதில் இருந்தது மீசை முளைக்காத பள்ளிக்கூடத்துப் பையன். கடைசியில் என் பட்டமளிப்பு விழாப் படத்தைத்தான் எடுத்தோம். கறுப்பு அங்கியில் கூச்சத்தோடு நான். பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நீ. அன்றைக்கு அப்பா உன்னைத் திட்டினாரே, நினைவிருக்கிறதா? "இன்னைக்காச்சும் மனுசனப் போல நில்லுடா!"

ஸ்டூடியோவுக்கு நானும் போனேன். அங்கிருந்த பொடியன் உன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"ஒரு கண்ணு மூடியிருக்கே ஐயா?"

"தொறந்து விடுங்க."

"அப்படின்னா இந்தக் கண்ணையே திருப்பி அந்தப் பக்கம் ஒட்டணும். பரவால்லயா? கோட்டு என்ன கலரு?"

கணினித் திரையில் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாத கோட்டுகள் வரிசையாக வந்தன. அப்பா ஒவ்வொன்றையும் துணிக்கடையில் நின்று பார்ப்பதுபோல் பார்த்தார். தீபாவளிக்கு உனக்குச் சட்டை எடுக்கும்போதுகூட அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கறுப்பைக் காட்டினார். "அக்கா படத்துக்குப் பக்கத்துல மாட்டுறது. அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்" என்றார்.

"மகன் என்னா வேல பாத்தாரு?" என்று பேச்சுக்குக் கேட்டான் அந்தப் பொடியன்.

அப்பா கொஞ்சம் தயங்கினார். "கணக்கு வேல" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் யாருக்காக அந்தப் பொய்யைச் சொன்னார்? அந்தப் பொடியனுக்காகவா, செல்லம்மா அக்காவுக்காகவா, உனக்காகவா?

உன்னுடைய அந்தப் பில்லியட் மாடிக்கு நான் ஒரேயொரு தடவைதான் வந்திருக்கிறேன். சான்றிதழ்களைப் போட்டோப்பிரதி எடுக்கப் பதுளைக்கு வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. மாடி ஜன்னலிலிருந்து நீ கத்தினாய்: "மேல வாக்கா, நனையாத!" படியேறி வந்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"உள்ளுக்கு வாயேன்."

"எல்லாம் ஆம்பளைங்களா இருக்காங்கடா."

"இவனுங்கல்லாம் ஆம்பளைங்க இல்லக்கா. எங்கிட்ட தோத்தவனுங்க."

"டேய், நேத்து யாருடா தோத்த?" என்று ரிஸ்வான் கேட்டான்.

"நேத்து நான் சோறு திங்கல. அது கணக்குல வராது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் வாசலைத் தாண்டவில்லை. அங்கிருந்தே பார்த்தேன். மேசையில் கறுப்புப் பந்து ஒன்றுதான் உனக்கு மிச்சம். அதை விழுத்தினால் நீ வென்றாய். குனிந்து கண்ணை மூடினாய். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். திடீரென்று நிமிர்ந்து ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்தாய்.

"என் சட்ட பந்துல பட்டிருச்சு, அது பவுல். இப்ப நீ அடி."

"யாரு பாத்தா? அடிடா" என்றான் ரிஸ்வான்.

"பந்து பாத்துச்சே."

அவன் அடித்து வென்றான். நீ அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, என் குடையைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாய். அந்த மாடியில் உன்னை எல்லோருக்கும் ஏன் பிடித்திருந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. வீட்டில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தின் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் உன் காற்சட்டைப் பையில் ஒட்டியிருந்த ஸ்டிக் நுனியில் தேய்க்கிற நீலச் சோக்குத் தூள் மட்டும்தான். அம்மா எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அவளுடைய வெள்ளைச் சேலை ஒன்றிலும் அந்த நீலம் ஏறியிருக்கிறது. அதைத்தான் இப்போது அடிக்கடி உடுத்துகிறாள்.

ஸ்டூடியோவிலிருந்து படம் வந்த அன்றுதான் வீட்டில் சண்டை. சந்திக்கு ஒன்று, வீட்டுக்குச் சட்டம் போட்டது ஒன்று. கருமாதிக்கு அதை வைத்துத்தான் உனக்குப் படைக்க வேண்டும். அப்பா தாளைப் பிரித்து அதைச் சுவரில் சாய்த்தார். அம்மா கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"இது யாரு?" என்றாள்.

உண்மையாகவேதான் கேட்டாள், நிரோ. அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"இவனுக்கு நான் சோறு படைக்க மாட்டேன். எம் புள்ள வாசல்ல பசியோட நிப்பான், இந்தக் கோட்டுக்காரன் உள்ளுக்கு உக்காந்து திம்பான்."

"அப்ப ஊருக்கு என்னாத்தக் காட்டச் சொல்ற? அந்தக் கம்போட நிக்கிறதையா?"

"ஊரா அவனப் பெத்துச்சு?"

அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கருமாதி நெருங்கியது. அப்பா அரிசி வாங்கி வந்து வைத்தார், அம்மா அதைத் தொடவில்லை. அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு நான் ஒருநாளும் பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கும் சேர்த்து நீதான் பேசுவாய். இந்தத் தடவை உனக்காக நான் பேச வேண்டியிருந்தது. ரிஸ்வானுக்குப் போன் எடுத்தேன். "பெனர் எங்கட கடையிலதான் இருக்கக்கா, பத்திரமா வச்சிருக்கிறன்" என்றான். கூடவே ஒரு வீடியோவும் அனுப்பினான்.

அப்பா தேயிலைப் பெக்டரிக்குப் போவதற்காகப் பின்னேரம் உடுத்திக்கொண்டிருந்தார். அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அப்பா, அந்தப் பொடியங்க கொண்டாந்த படத்தையே வப்போம்பா. அதுலதான் தம்பி தம்பியா இருக்கான்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில ஒங்கம்மா வெளியே இருந்தா. நீ வந்து சேரல. நாந்தான் அவன் பக்கத்துல நின்னேன், பாப்பா. அவனுக்கு ஒரு கண்ணு பாதி தொறந்து கெடந்துச்சு. இந்தக் கையாலதான் மூடி விட்டேன்." கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார். "மூடின கண்ணு போட்டோவுல வேணாம் பாப்பா. அதுலயாச்சும் ரெண்டும் தொறந்திருக்கட்டும்."

செல்லம்மா அக்காவின் வாய்க்குப் பயந்துதான் அவர் கோட்டுத் தேடினார் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும்தான். ஆனால் இதை நான் எப்படி அறிந்திருப்பேன்? போனை அவர் கையில் கொடுத்து வீடியோவைப் போட்டேன்.

நீ குனிகிறாய். இடது கண் மூடுகிறது. ஸ்டிக் ஒரு தரம் பின்னே போய் முன்னே வருகிறது. வெள்ளைப் பந்து ஓடிக் கறுப்பைத் தட்ட, கறுப்பு மூலைக் குழிக்குள் விழுகிறது. அது விழுந்த பிறகுதான் நீ தலையைத் தூக்குகிறாய். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, நேரே போனைப் பார்த்து, "பாத்தியாடா!" என்று சிரிக்கிறாய்.

உன் குரல் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள். அப்பாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"தொறந்துட்டான்" என்றார் அப்பா.

பிறகு, "திரும்பப் போடு."

போட்டேன். திரும்பவும் போடச் சொன்னார். பெக்டரிச் சங்கு ஊதியது. அவர் கிளம்பவில்லை. "இதுதானா அந்த வெளாட்டு?" என்று ஒரு தரம் கேட்டார். அம்மாவிடமா என்னிடமா என்று தெரியவில்லை.

கருமாதிக்கு உன் படம்தான் இருந்தது. பதாகையில் இருந்த அதையே ரிஸ்வான் சிறிதாக எடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தான். அப்பா உன் நெற்றியில் சந்தனம் வைத்தார். அவருடைய விரல் மூடிய கண்ணுக்குக் கிட்டே போய், தொடாமல் திரும்பி வந்தது. அம்மா நெத்தலிக் கருவாடும் பருப்பும் வைத்து, சோற்றை உனக்குப் பிடித்த மாதிரி குவித்தாள். ரிஸ்வான் பையிலிருந்து ஒரு நீலச் சோக்குக் கட்டியை எடுத்து, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இலையோரம் வைத்தான். எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்தோம். அவர் குனிந்து அதை எடுத்தார். குழம்பு படாத இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை, நிரோ. கோட்டுக்காரன் இன்னும் சந்தியில் நிற்கிறான். "அது அங்க இருக்கட்டும், ஊருக்கு அது போதும்" என்கிறார் அப்பா. யார் என்ன பேசினாலும் அவன் மேல் படட்டும், உன் மேல் படக் கூடாது என்று நினைக்கிறாரா? நேற்றும் பஸ்ஸில் இரண்டு பேர் அவனைக் காட்டி, தூள் அது இது என்று முணுமுணுத்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா இன்னும் குறுக்குப் பாதையில்தான் வருகிறாள்.

ஆனால் இன்று காலை அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்டார்.

"பதுளையில அந்த மாடிக் கடைப் படி ரொம்பச் செங்குத்தா?"

அவருடைய முழங்கால் வலி உனக்குத் தெரியும்.

"மெதுவா ஏறலாம்பா" என்றேன்.

ஏற்றிக் கூட்டிப் போவேன், தம்பி. இந்தத் தடவை வாசலில் நிற்க மாட்டேன், உள்ளே வந்து அந்தப் பச்சை மேசையைத் தொட்டுப் பார்ப்பேன். திரும்பி வரும்போது ரிஸ்வானிடமிருந்து சுருளை வாங்கிக்கொண்டு வருவேன். அப்பாவை ஏணியைப் பிடிக்கச் சொல்லி, சந்தியில் நிற்பவனை என் கையாலேயே இறக்குவேன். அதுவரைக்கும் பஸ்ஸில் யாராவது அவனைக் காட்டி, "இவன்தானே அந்தப் பில்லியட் பொடியன்?" என்று கேட்டால், ஜன்னலைப் பார்க்க மாட்டேன். இல்லை என்பேன். அது வேறு யாரோ, என் தம்பி குறிபார்க்கும்போது ஒரு கண்ணை மூடுவான், பந்து விழுந்ததும் திறந்துவிடுவான் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரு ஆட்டம்கூட ஆடித் தோற்காத
உன் அக்கா