காணாமல் போன இரண்டு நாள்

ஜூலை 13, ஞாயிறு

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. எழுதிவிட்டுத்தான் படுக்கணும்.

ஒரு வாரமாக நான் படிக்கும் அந்த டிராகன் காவியம் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. கதையில் கப்பல் கரையோரமாகவே வருகிறது, ராத்திரிக்கு ராத்திரி ஒரு தீவில் நங்கூரம். எப்படி எண்ணினாலும் எட்டு நாள் பயணம்தான். துறைமுகத்தில் நிற்கும் ராணியோ, "நீங்கள் புறப்பட்டுப் பத்து நாளாயிற்று" என்கிறாள். எழுதினவர் நாளை எண்ணும்போது தூங்கிவிட்டார் என்று என்னோடு வேலை பார்க்கும் காயல்பட்டினம் பாத்திமா அடித்துச் சொல்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பந்தயம் கட்டியிருக்கிறோம்: தோற்றவள் ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் வாங்கித் தரணும்.

மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். விசைப்படகு ஓட்டுகிறவர், புத்தகத்தைத் தொடமாட்டார். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஏளா, நடுவுல ரெண்டு ஞாயித்துக்கிழம வந்திருக்கும்லா. ஞாயித்துக்கிழம எவன் கடலுக்குப் போவான்?"

"அந்த ஊர்ல மாதா கோயிலே கிடையாது. டிராகன்தான் இருக்கு."

"டிராகனுக்கு லீவு வேண்டாமா?"

சனிக்கிழமை புறப்பட்டதாக வைத்து விரல்விட்டு எண்ணினேன். பத்து நாளில் சரியாக இரண்டு ஞாயிறு! உடனே பாத்திமாவுக்குப் போன் போட்டேன்.

அவளும் வாய்விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கப்பல்ல எங்க ஆளு ஒருத்தர் கூடவா இல்ல? வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுகைக்குக் கரையில இறங்கமாட்டாரா? இப்ப பதினோரு நாளாச்சே!"

அப்படி ஒருவர் கப்பலில் ஏறினாரா என்று பார்க்க, முதல் பாகத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் படுத்திருப்பவர், "ராணி ஒரு நாள் தூங்கியிருப்பா. நீயும் லைட்ட அணைச்சிட்டுத் தூங்கு" என்கிறார்.