பாண் சைக்கிள் ஏறிய மேடு

மச்சான்,

இன்று காலை வாசலில் டியூப் ஒட்டும் சொலூஷன் வாசம். எட்டிப் பார்த்தால், ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா நம் வேலியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் டீ-சர்ட்டில் உன் படம். உன் பெயரில் ஒரு சைக்கிள் பாதையே வந்துவிட்டதடா. நீ பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு, பாடிய கோயில், விற்கப் பாண் ரொட்டி எடுத்த பேக்கரி என்று மலையிலிருந்து ரத்தோட்டை வரைக்கும் போர்டு நட்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது உன்னைப் பாண்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

எனக்கு எதில் சிரிப்பு வந்தது தெரியுமா? வருகிறவர்களால் மேட்டில் மிதிக்க முடியாதாம். அதனால் ஆளையும் சைக்கிளையும் வேனில் ஏற்றிப்போய் உச்சியில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ஒரே இறக்கம். இறக்கத்தில் நீ ஒரு பாட்டாவது கட்டியிருக்கிறாயா? அங்கே உனக்கு பிரேக் பிடிக்குமா என்ற பயம் மட்டும்தான்.

பாட்டெல்லாம் ஏறும்போதுதான் வந்தது. முன்னால் நீ ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளுவாய். பின்னால் நான் பாண் பெட்டிக்கு முட்டுக் கொடுப்பேன். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு வரி சொல்வாய். எழுத எங்கே கை இருக்கிறது? "மச்சான், அடுத்தது வர்ற வரைக்கும் இத விட்றாத" என்பாய். அடுத்த வரி வரும்வரை நான் அதையே சொல்லிக்கொண்டு வருவேன். "பாண் மாமா இன்னைக்கும் மந்திரம் சொல்லிக்கிட்டு வர்றாரு" என்று லயத்துப் பிள்ளைகள் என்னைக் கேலி செய்யும். உன் ஒவ்வொரு பாட்டும் என் வாயில் கிடந்துதான் பழுத்தது. அந்தப் பெருமை எனக்கு உண்டு, ஒளிப்பானேன்?

போன மாசம், பாதையைப் போட்டவர்களில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். தோட்டத்துப் பிள்ளைதான், நன்றாகப் பாடுகிறாள். "தாத்தா, அவரு பாட்டுல வரிக்கு நடுவுல நிப்பாட்டுறாரே, சோகத்துலதானே?" என்று கேட்டாள். "இல்லம்மா, மூச்சு வாங்குது" என்றேன். சிரித்துவிட்டு, கடைசியாக ஏதாவது பாட்டு வைத்திருந்தாரா என்றாள். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இருக்கிறதே. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், கோயிலடி வளைவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அப்போது கொடுத்த வரி. 'கதவு தட்டுற காத்துக்கு நான் என்ன பேரு சொல்ல.' அடுத்தது வரவில்லை. விடாதே என்றாய்; நானும் விடவில்லை. அடுப்பு மூட்டும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சொல்கிறேன். மகள் கொழும்பில், வீட்டில் பேச ஆளில்லை. அந்த வரி வாயில் இருக்கிறவரை நீ எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அதையும் இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு என்னடா மிச்சம்?

ஆனால் இந்தக் கிழமை ஒரு காலையில் அதில் ஒரு சொல் வரவில்லை. பல்கூட விளக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பகல் சாப்பாட்டு நேரத்தில்தான் 'காத்து' என்று வந்தது. பயந்துபோனேன் மச்சான். நான் மறந்துவிட்டால், அப்படியொரு வரி இருந்தது என்று சொல்லவே ஆளிருக்காது.

இன்று பஞ்சரான சைக்கிளைப் பார்க்க அந்தப் பெண்ணே வந்தாள். வெள்ளைக்கார அம்மா கிளம்பிப் போனதும் அவளைக் கோயிலடி வளைவுக்குக் கூட்டிப்போனேன். அவள் தன் சைக்கிளைத் தள்ள, நான் பின்னால் கை கொடுத்தேன். பாதி மேட்டில் வரியைச் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள். அப்புறம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்தது, தாத்தா?"

முன்னால் நிற்பது நீ இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் கழித்து.

"அவ்வளவுதாம்மா" என்றேன்.

அவள் போர்டில் எழுதட்டும், பாடட்டும். நான் வீட்டுக்கு வந்து கேத்தலை அடுப்பில் வைத்தேன். வாய் தானாக அந்த வரியைச் சொல்கிறது. சொல்லி முடித்ததும் கொஞ்சம் நிறுத்துகிறேன், நீ சொல்வதற்கு இடம் விட்டு.