ஐந்து நிமிடம் செல்லும் எண்

ரந்தாவ்,
28 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய கல்லூரி நூலகர் குமாரி ஃபெலிசியா ஆம்புரோஸ் அவர்களுக்கு,

வணக்கம். தொலைதூர மாணவர்களின் நலன் விசாரித்துத் தாங்கள் இம்மாதம் ஏழாம் தேதி எழுதிய மடலுக்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். அம்மடல் என் கணவர் திரு. குணாளன் ஓட்டும் செம்பனை லாரியின் முன்பெட்டியில் பதினேழு நாள் தங்கிவிட்டது. வேலைப்பளுவில் மறந்துவிட்டாராம்.

இரண்டு மாதமாக நூலகத் தளத்திற்குள் நான் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வராமல் இல்லை, வாசலிலேயே நிற்கிறேன். புதிய ஏற்பாட்டின்படி, கடவுச்சொல்லை இட்டதும் கைப்பேசிக்கு ஆறு இலக்கக் குறியீட்டு எண் ஒன்று வரும். ஐந்து நிமிடத்திற்குள் அதைப் பதிய வேண்டும். பதிவில் உள்ளது என் கணவரின் கைப்பேசி. எங்கள் வீட்டுக்கு அது ஒன்றுதான், என் மடிக்கணினிக்கு இணையமும் அதன் வழியேதான். குறியீடு வருவதில்லை. தோட்டத்தில் லைன் சரியில்லாதது காரணமாகலாம். மின்னஞ்சலும் அவ்வாறே பூட்டப்பட்டிருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

தங்கள் தளத்தின் உரையாடல் பெட்டியிலும் முறையாக வணக்கம் கூறிப் பதினொரு வரி எழுதினேன். உள்நுழைய இயலவில்லை என்பதே என் முறையீடு. முதலில் உள்நுழைந்துவிட்டுக் கேட்குமாறு அது எனக்குப் பணித்தது.

பள்ளியிலிருந்து படிவம் மூன்றோடு நிறுத்தப்பட்டு, முப்பத்தெட்டாம் வயதில் தனியே படித்து எஸ்.பி.எம். இறுதித் தேர்வில் தேறியவள் நான். பாலர் பள்ளியில் உதவியாளராக உள்ளேன். இந்த டிப்ளோமா முடிந்தால் ஆசிரியை. ஜூன் ஆறாம் தேதிக்குள் இறுதி இடுபணியை எழுதித் தளத்தில் ஏற்றாவிட்டால் என் பெயர் நீக்கப்படும். ஆவன செய்து, பதிலைப் பாலர் பள்ளி முகவரிக்கே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
லோகேஸ்வரி த/பெ மாணிக்கம்


நீலாய்,
5 மே 2025

அன்புள்ள லோகேஸ்வரி அக்கா,

அக்கா என்று அழைக்கலாம்தானே? இந்த நூலகத்துக்குத் தபாலில் வந்த மாணவர் கடிதத்தை நான் பார்ப்பது இதுவே முதல்முறை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஓர் இயந்திரம். அதன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் இடுபணிக்கு வேண்டிய மூன்று கட்டுரைகளை அச்செடுத்து இணைத்திருக்கிறேன். ஆனால் இடுபணியை ஏற்ற நீங்கள் உள்ளே வந்தே ஆக வேண்டும். கைப்பேசி எண்ணை மாற்றலாம் என்றால், மாற்றுவதற்கான குறியீடும் பழைய எண்ணுக்கே போகும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். உங்களுக்குப் பதினான்கு முறை குறியீடு போயிருக்கிறது. பதினான்கும் அந்தக் கைப்பேசியில் சேர்ந்ததாகவே காட்டுகிறது. லைன் பிரச்சினை இல்லை, அக்கா.

வீட்டில் எல்லாம் நலம்தானே?

அன்புடன்,
ஃபெலிசியா


ரந்தாவ்,
9 மே 2025

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு,

கட்டுரைகள் கிடைத்தன, நன்றி. மூன்றையும் இருமுறை படித்தேன்.

தங்கள் மடலின் கடைசி வரி தேவையற்றது. தங்கள் நூலகத்தில் உறுப்பினர் நான். என் குடும்பம் அன்று. இந்தப் படிப்பில் என்னைச் சேர்த்து விண்ணப்பப் பாரம் நிரப்பியவரே என் கணவர்தான். முதல் பருவ முடிவு வந்தபோது தாம் வேலை செய்யும் எண்ணெய் ஆலையில் அனைவருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அதன்பின் உடன் வேலை செய்வோர் தம்மை 'டீச்சரம்மா புருஷன்' என்று அழைப்பதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பதிவேட்டை மீண்டும் சரிபார்க்க வேண்டுகிறேன்.

லோகேஸ்வரி த/பெ மாணிக்கம்


நீலாய்,
14 மே 2025

அன்புள்ள அக்கா,

கேட்டது தவறுதான், மன்னியுங்கள். பதிவேட்டைச் சரிபார்த்தேன், மாற்றமில்லை.

இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் பெயரில் ஓர் எண் இருந்தால் போதும். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, நீங்கள் தனியாக, வீடியோ அழைப்பில் என்னோடு ஐந்து நிமிடம் பேசினால் பழைய எண்ணை நானே நீக்குவேன். நாளும் நேரமும் நீங்களே சொல்லுங்கள். காரணம் கேட்க மாட்டேன்.

ஃபெலிசியா


ரந்தாவ்,
20 மே 2025

அன்புள்ள ஃபெலிசியா,

தங்கள் கடைசி வரி தேவையற்றது என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தொலைபேசியில் இவற்றைச் சொல்ல எனக்கு நா எழாது, எழுத்தில்தான் முடிகிறது.

சனிக்கிழமை அவர் அருகிலேயே மடிக்கணினியோடு அமர்ந்து மறுபடி முயன்றேன்.

"என்னங்க, நம்பர் வந்திருச்சா?"

"இரு லா. தேத்தண்ணி குடிக்கிறேன், தெரியல?"

"அஞ்சு நிமிசம்தாங்க இருக்கும்."

"அஞ்சு நிமிசத்துல டீச்சர் வேலை ஓடிப் போயிருமா? வரல லா. லைன் இல்ல."

"இப்ப சத்தம் கேட்டுச்சே."

"அது வேலைக்குக் கூப்பிடுற மண்டோரு. உனக்கு யாரு மெசேஜ் போடப் போறா?"

அவர் குளிக்கச் சென்றபோது கைப்பேசி மேசையில் இருந்தது. நூலகத்தின் குறியீடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன, அன்றையதோடு பதினைந்து. எல்லாம் திறந்து படிக்கப்பட்டவை. ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்பதைத்தான் மூன்று நாளாக யோசிக்கிறேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பாலர் பள்ளிக்கு வருவதும் நின்றுபோகும். "மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். வெங்காயம் என்றேன்.

நேற்று ரந்தாவில் என் அடையாள அட்டையைக் காட்டி ஓர் எண் வாங்கினேன். யார் பெயருக்கு என்று கடைக்காரர் கேட்டார். முழுப் பெயரையும் சொன்னேன். சிம் கார்டு இங்கே பள்ளியில், பிள்ளைகளின் வண்ணப் பென்சில் டப்பாவில் இருக்கிறது. எண்ணைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன்.

அந்தப் பதினைந்து குறியீடுகளையும் அன்றே என் நோட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டேன். செல்லாதவை என்று அறிவேன். ஆயினும், அவை எனக்கு வந்தவை.

இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை, பிள்ளைகள் சென்றபின் பன்னிரண்டரை மணிக்குப் பள்ளியில் தனியாக இருப்பேன்; மற்ற நாட்களில் ஆசிரியைகள் உடனிருப்பார்கள். மறுநாள் விடுமுறைக்காகக் கதவைப் பூட்டிவிடுவார்கள். திறக்கும்போது ஜூன் ஆறு கடந்திருக்கும். அதுவரை வீட்டில் அவருடைய லைன்தான். ஆகவே தங்களிடம் பேசி இடுபணியை ஏற்ற அந்த ஒரு நாளைத் தவிர எனக்கு வேறு நாளில்லை. தங்கள் செய்தி வந்துள்ளதா என்று தினமும் பன்னிரண்டரைக்கு அந்தச் சிம்மைப் பள்ளியில் கிடக்கும் பழைய கைப்பேசியில் போட்டுப் பார்ப்பேன்.

வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம். விரைவாகப் பதில் தாருங்கள்.

லோகேஸ்வரி அக்கா