அப்பா ஆபீஸில்

சனிக்கிழமை இரவு, மங்காஃப், குவைத்

இன்று மகள் ஜெனியின் பள்ளியில் ஓவியக் கண்காட்சி. பிரான்சில் அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்களைக் கேலி செய்து படம் அச்சடித்து விற்பார்களாம். அதே பாணியில் பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பலகையில் செதுக்கி, மை தடவி அச்செடுத்திருந்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜெனியின் படத்தில், கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒருவன் காருக்குள் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான். வெளியே கடல். கீழே ஆங்கிலத்தில், 'அப்பா ஆபீஸில்'.

வேலை போனதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஞாயிறு முதல் வியாழன் வரை, தினமும் அந்தக் கடற்கரை பார்க்கிங்கில்தான் பொழுதைக் கழிக்கிறேன். அவளுடைய பள்ளி பஸ் அந்த வழியாகப் போகும் என்று தோன்றவே இல்லை.

ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள். "சாரி டாடி. உண்மையா இருந்தாத்தான் ஃபன்னியா இருக்கும்னு மிஸ் சொன்னாங்க."

என் மனைவி ஸ்டெல்லா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் அடுக்களைக்குள் போய்விட்டாள். இப்போதுதான் அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"நாளைக்கும் சோறு கட்டணுமா?"

கட்டு என்று சொல்லிவிட்டேன். இனி அதை எங்கே உட்கார்ந்து தின்பது என்றுதான் தெரியவில்லை.